‘நம்ம ஊவே’: மிலானுக்குப் போகாத ஸேலரும் அவரை விடாத ஹாம்பர்க்கும்

ஹாம்பர்க் நகரின் ஃபோல்க்ஸ்பார்க் மைதானத்துக்கு வெளியே ஒரு பாதம் இருக்கிறது. ஆள் இல்லை, முகம் இல்லை. வெண்கலத்தில் வார்த்த வலது பாதம் மட்டும். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 4 டன் எடை. 2005 ஆகஸ்டில் இதைத் திறந்து வைத்தபோது அந்தக் காலுக்குச் சொந்தக்காரரான ஜெர்மன் கால்பந்து ஆட்டக்காரர் ஊவே ஸேலருக்கு வயது 68. ஆட்டத்தை நிறுத்தி 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேடிக்கை என்னவென்றால், ஸேலர் தலையால் முட்டிய கோல்களுக்குத்தான் பேர்போனவர். 1.70 மீட்டரைத் தாண்டாத குள்ள உருவம், தடித்த தொடை. சக ஆட்டக்காரர்கள் அவரைக் ‘குண்டா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த உடம்போடு தன்னைவிட ஒரு சாண் உயரமான தடுப்பாளர்களுக்கு மேலே எழும்பிப் பந்தை முட்டுவார். தலையை வார்த்து வைக்காமல் காலை ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. சரி, போகட்டும். இந்த ஆய்வு வேறொரு கேள்வியைப் பற்றியது.

கோப்பைக் கணக்கு

ஒரு விளையாட்டுக்காரரின் புகழ் அவர் தூக்கிய கோப்பைகளைப் பொறுத்தது என்று வைத்துக்கொண்டால், ஸேலரை இன்றைக்கு யாரும் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. எச்.எஸ்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹாம்பர்க் கிளப்போடு அவர் வென்றது இரண்டே பெரிய பட்டங்கள். ஒன்று 1960இல் ஜெர்மன் சாம்பியன் பட்டம். இறுதியாட்டத்தில் கோல்ன் அணியை 3-2 என்று வென்றார்கள், அதில் இரண்டு கோல் இவருடையது. இன்னொன்று 1963இல் ஜெர்மன் கோப்பை. டார்ட்முண்டுக்கு எதிரான அந்த 3-0 வெற்றியில் மூன்று கோலும் இவருடையவை. அவ்வளவுதான்.

தேசிய அணியில் கதை இன்னும் மோசம். மேற்கு ஜெர்மனி முதல்முறை உலகக் கோப்பையை வென்றது 1954 ஜூலையில். ஸேலர் முதன்முதலாக நாட்டுக்கு ஆடியது அதே ஆண்டு அக்டோபரில், 17 வயதில். அவர் ஹாம்பர்க்கில் உலக அணியொன்றை எதிர்த்து விடைபெறும் ஆட்டம் ஆடியது 1972 மே 1ஆம் தேதி. ஜெர்மனி ஐரோப்பியக் கோப்பையை வென்றது அடுத்த மாதம். இரண்டாவது உலகக் கோப்பை 1974இல். ஒரு பேருந்து போன மறுநிமிடம் நிறுத்தத்துக்கு வந்து, அடுத்த பேருந்து வருவதற்குச் சற்று முன்பு வீட்டுக்குக் கிளம்பிப் போன மாதிரி.

கோல்களில் குறை சொல்ல முடியாது. வடக்கு மண்டல லீக்கும் பின்னால் வந்த தேசிய லீக்கான புண்டஸ்லிகாவும் சேர்ந்து 476 ஆட்டங்களில் 404 கோல். புண்டஸ்லிகா தொடங்கிய 1963-64 பருவத்தில் 30 கோலோடு முதல் இடம். தேசிய அணிக்கு 72 ஆட்டங்களில் 43. நான்கு உலகக் கோப்பைகளில் ஆடி நான்கிலும் கோல் அடித்தார். பெலேயும் அவரும் அந்தச் சாதனையை எட்டியது 1970 ஜூன் 3 என்ற ஒரே நாளில். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அவருக்குப் பின் வந்த கெர்ட் முல்லர் 62 சர்வதேச ஆட்டங்களில் 68 கோல் அடித்து அந்தக் கணக்கை ஒதுக்கித் தள்ளிவிட்டார். ஹாம்பர்க்கிலேயே 1983இல் வேறொரு தலைமுறை ஏதென்ஸில் யுவென்டஸை வீழ்த்தி ஐரோப்பிய சாம்பியன் கோப்பையைக் கொண்டுவந்தது. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் ஃபெலிக்ஸ் மகாத். கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய கோல் அது. மைதான வாசலில் இருப்பது மகாத்தின் கால் இல்லை.

அப்படியானால் ஸேலரின் புகழ் எதில் நிற்கிறது?

‘நம்ம’

அவருக்கு வைத்த பட்டப்பெயரிலிருந்து தொடங்கலாம். ‘ஊன்ஸ் ஊவே.’ ஏட்டு ஜெர்மனில் இது ‘ஊன்ஸர் ஊவே’ என்று இருக்க வேண்டும். ‘ஊன்ஸ்’ என்பது வடக்கே துறைமுகப் பக்கத்தில் பேசும் தாழ் ஜெர்மன் வழக்கு. தமிழில் இதை விளக்கவே வேண்டாம். ‘நமது ஊவே’ என்றால் மேடைப்பேச்சு. ‘நம்ம ஊவே’ என்றால் டீக்கடைப் பேச்சு. அவருடைய பெயர் டீக்கடை வகை.

நம் மொழியில் இன்னொரு வசதியும் உண்டு. ‘எங்க’ என்றால் கேட்பவன் வெளியே நிற்கிறான். ‘நம்ம’ என்றால் அவனும் உள்ளே. ஜெர்மன் மொழியில் இந்தப் பிரிவினை கிடையாது. ஆனாலும் ஊவே விஷயத்தில் நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஹாம்பர்க்காரர்களுக்கு ‘எங்க ஊவே’யாக இருந்தவர் ஒரு கட்டத்தில் மொத்த மேற்கு ஜெர்மனிக்கும் ‘நம்ம ஊவே’ ஆனார். ஒரு கிளப்பின் நட்சத்திரத்தைப் போட்டிக் கிளப்பின் ரசிகர்கள் சொந்தம் கொண்டாடுவது லேசில் நடக்கிற காரியமில்லை. எதிரணி மைதானங்களிலும் கேலரியிலிருந்து “ஊவே! ஊவே!” என்ற முழக்கம் எழுந்தது. அந்த மாற்றம் நடந்த இடத்தை ஓரளவு துல்லியமாகவே காட்டலாம். ஹாம்பர்க்கின் அட்லாண்டிக் ஹோட்டல், 1961 வசந்தகாலம்.

அட்லாண்டிக் ஹோட்டலில் மூன்று நாள்

அப்போது ஸேலருக்கு 24 வயது. எச்.எஸ்.வி. ஐரோப்பிய சாம்பியன் கோப்பை அரையிறுதியில் பார்சிலோனாவை எதிர்த்து நின்றது. பார்சிலோனாவில் 0-1. ஹாம்பர்க்கில் 2-0 என்று முன்னிலை, இறுதியாட்டத்தில் ஒரு கால் வைத்தாயிற்று. கடைசி நிமிடத்தில் பார்சிலோனாவின் ஷாண்டோர் கோச்சிஷ் தலையால் ஒன்றை முட்டி உள்ளே தள்ளினார். பிரஸ்ஸல்ஸில் மறு ஆட்டம், அதில் 0-1 என்று தோல்வி.

அந்த ஏப்ரல் மாதத்தில்தான் இன்டர் மிலானின் பயிற்சியாளர் ஹெலேனியோ ஹெரேரா ஸேலரைத் தேடி ஹாம்பர்க்குக்கு வந்தார். அட்லாண்டிக் ஹோட்டலில் மூன்று நாள் பேச்சு நடந்தது. மேசையில் வைக்கப்பட்ட தொகை பத்து லட்சம் மார்க்கைத் தாண்டியது. அன்றைய ஜெர்மனியில் முழுநேரத் தொழில்முறைக் கால்பந்தே கிடையாது. ஆட்டக்காரர்கள் ‘ஒப்பந்த ஆட்டக்காரர்கள்’. கிளப் கொடுக்கலாம் என்று அனுமதித்த மாதச் சம்பளம் சில நூறு மார்க். மாதம் 400 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் சேர 200 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும்.

ஸேலர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது எல்லோரும் ‘தியாகம்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர் சோற்றுக்கு வழியில்லாமல் ஊர்ப்பாசத்தால் நின்றவர் அல்ல. சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையாகத் தொழில் கற்றவர். அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் வடக்கு ஜெர்மனிக்கு அவரைத் தன் விற்பனைப் பிரதிநிதியாக்கினார். கல்யாணமாகி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆட்டக்காரரின் கால் எந்தச் சனிக்கிழமையும் உடையலாம். கடைக்காரர்களுக்குப் பூட்ஸ் விற்கும் வேலை அப்படி உடையாது. அவர் கணக்குப் போட்டார். கணக்கில் மிலான் தோற்றது. பெரிய தொகையைவிட நிலையான வருமானம் மேல் என்று முடிவெடுப்பது அரசு வேலைக்குக் காத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் புரியும் நியாயம்தான்.

ஆனால் அதே காரணத்தால்தான் அந்த ‘முடியாது’ அவ்வளவு ஆழமாக இறங்கியது என்பது என் எண்ணம். போரில் இடிந்த நகரங்களைக் கட்டி எழுப்பி, கையில் கொஞ்சம் காசு புரளத் தொடங்கிய காலம். தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் போய்வந்த மனிதர்களுக்கு, துறவியைப் போலப் பணத்தை உதறியவன் பிடிபட்டிருக்க மாட்டான். சனிக்கிழமை கோல் அடித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை மாதிரிப் பெட்டியோடு காரில் ஏறி ஊர் ஊராகப் போகிறவன் பிடிபட்டான். அவனும் வேலைக்குப் போகிறான் அல்லவா!

குடும்பத்தில் ஒரு பழைய வடுவும் இருந்தது. ஸேலரின் அப்பா எர்வின் துறைமுகத் தொழிலாளி, நல்ல ஆட்டக்காரர். தொழிலாளர் விளையாட்டு இயக்கத்தின் நட்சத்திரம். 1930களின் தொடக்கத்தில் அந்த இயக்கத்தை விட்டு விக்டோரியா என்ற வசதியான கிளப்புக்கு அவர் மாறியபோது, இடதுசாரிப் பத்திரிகை வர்க்கத் துரோகி என்கிற தொனியில் திட்டித் தீர்த்தது. பிறகு எச்.எஸ்.வி.க்கு வந்தார். மகன்கள் டீட்டர், ஊவே இருவரும் அங்கேயே வளர்ந்தார்கள். 1961இல் ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்தபோது ஊவே இதை நினைத்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கிளப் மாறினால் ஊர் என்ன பேசும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அந்த வீடு இல்லை.

போனவர்கள்

ஒரு முடிவை எடைபோட வேண்டுமானால் எதிர்முடிவு எடுத்தவர்களைப் பார்க்க வேண்டும். ஹோர்ஸ்ட் ஷிமானியாக் 1961இல் கட்டானியாவுக்குப் போனார். ஹெல்முட் ஹாலர் 1962இல் போலோன்யா, ஆல்பர்ட் ப்ரூல்ஸ் அதே ஆண்டு மோடெனா. 1963இல் கார்ல்-ஹைன்ஸ் ஷ்னெல்லிங்கர். இப்படி ஒவ்வொருவராக இத்தாலிக்குக் கிளம்பியது, 1962 ஜூலையில் புண்டஸ்லிகா என்ற தேசிய லீக்கைத் தொடங்க முடிவானதற்கு ஒரு காரணம். புதிய லீக்கிலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது; நட்சத்திரங்களுக்கு மட்டும் விலக்கு.

போனவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. ஹாலர் போலோன்யாவுடனும் யுவென்டஸுடனும் இத்தாலியின் சாம்பியன் ஆனார். ஷ்னெல்லிங்கர் ஏசி மிலானுடன் ஐரோப்பியக் கோப்பைகளைத் தூக்கினார். ஸேலர் வேண்டாம் என்ற இன்டர், 1964இலும் 1965இலும் ஐரோப்பாவின் சாம்பியன். 1968 மே மாதம் ராட்டர்டாமில் எச்.எஸ்.வி. ஐரோப்பியக் கோப்பையொன்றின் இறுதியாட்டத்தில் நின்றது. எதிரே ஏசி மிலான். அதன் தடுப்பு வரிசையில் ஷ்னெல்லிங்கர். 0-2. போனவர் கோப்பையோடு நின்றார், போகாதவர் வெறுங்கையோடு ரயிலேறினார் என்று எழுதலாம். ரயிலா விமானமா என்பதை விட்டுவிடுங்கள்.

ஷ்னெல்லிங்கரையும் ஹாலரையும் ஜெர்மனி மதித்தது. ஆனால் யாரும் அவர்களை ‘நம்ம’ என்று சொல்லவில்லை.

ஷ்னெல்லிங்கரையும் ஸேலரையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்துப் பார்க்க 1970 ஜூன் 14 வசதியான நாள். மெக்சிகோவின் லியோன், உலகக் கோப்பைக் காலிறுதி, உச்சி வெயில். நான்கு ஆண்டுகளுக்கு முன் வெம்ப்ளியில் கோப்பையைப் பறித்த அதே இங்கிலாந்து 2-0 என்று முன்னிலை. பெக்கன்பவர் ஒன்றைத் திருப்புகிறார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது இடப்பக்கத்திலிருந்து ஷ்னெல்லிங்கர் பந்தை உயரத் தூக்கிப் போடுகிறார். பந்து ஸேலரைத் தாண்டிப் போகப் பார்க்கிறது. அவர் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகத் தாவுகிறார். நெற்றிக்கு எட்டவில்லை, உச்சந்தலைக்கும் எட்டவில்லை. பின்மண்டையில் பட்ட பந்து வில்லாக வளைந்து, முன்னே வந்து நின்ற கோல்கீப்பர் பீட்டர் பொனெட்டியின் தலைக்கு மேலே போய் மூலையில் விழுகிறது. திரும்பிப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கூடுதல் நேரத்தில் முல்லர் அடித்தார், 3-2. தந்தவர் இத்தாலிக்குப் போனவர், முடித்தவர் போகாதவர். ஜெர்மன் கால்பந்து பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் ‘பின்மண்டைக் கோல்’ என்றால் வேறு விளக்கம் கேட்பதில்லை.

குதிகாலும் குனிந்த தலையும்

1965 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆடும்போது ஸேலரின் குதிகால் தசைநாண் அறுந்தது. அன்றைய மருத்துவத்தில் 28 வயது ஆட்டக்காரருக்கு அது கிட்டத்தட்ட முடிவுரை. ஏழு மாதம் கழித்து, செப்டம்பர் 26ஆம் தேதி, ஸ்டாக்ஹோமில் சுவீடனுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்தில் இறங்கினார். அதுதான் பெக்கன்பவர் என்ற 20 வயதுப் பையனின் முதல் சர்வதேச ஆட்டமும். 2-1 என்று ஜெர்மனி வென்றது. வெற்றிக் கோல் ஸேலருடையது. உலகக் கோப்பைக்கு வழி திறந்தது அதனால்தான்.

அப்புறம் 1966 ஜூலை 30, வெம்ப்ளி, இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை இறுதியாட்டம். கேப்டன் ஸேலர். 2-4. அந்த நாளின் புகைப்படம் ஒன்று ஜெர்மனியில் எல்லோருக்கும் தெரியும்: தோள் தொங்க, தலை குனிந்து, மைதானத்தை விட்டு நடந்துபோகும் ஸேலர், பின்னால் சீருடை இசைக்குழு. நூற்றாண்டின் விளையாட்டுப் புகைப்படம் என்று பின்னாளில் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தோல்வியின் முழு உருவம் என்று எல்லோரும் நம்பும் அந்தப் படம் உண்மையில் இடைவேளையில் எடுக்கப்பட்டது என்றும் ஒரு வாதம் உண்டு. அப்படியானால் அப்போது கணக்கு 1-1. அவர் குனிந்தது வேறெதற்காகவோ. எதுவானாலும் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. கோலா இல்லையா என்று இன்றுவரை சண்டை போடும் மூன்றாவது இங்கிலாந்து கோலுக்குப் பிறகும் அவர் ரகளை செய்யவில்லை, எதிரணியிடம் கை குலுக்கினார். கோப்பை வாங்காத கேப்டன் என்பது ஒரு குறையாக ஒட்டாமல், அவர் குணத்துக்குச் சான்றாக ஒட்டிக்கொண்டது.

தலைவர் நாற்காலி

புகழை விசாரிக்கும் ஆய்வில், அது சாய வேண்டிய இடத்தில் ஏன் சாயவில்லை என்பதைப் பார்ப்பது முக்கியம். ஸேலருக்கு அந்த இடம் 1995.

கடனில் தள்ளாடிய எச்.எஸ்.வி. அவரைத் தலைவராக்கியது. கோல் அடித்தவருக்கு நிர்வாகமும் வரும் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது போலும். அவர் காலத்தில் புதிய மைதானத் திட்டம் நகர்ந்தது உண்மை. ஆனால் நிர்வாகக் குழுவுக்குள் கிழக்கு ஜெர்மனியின் வீட்டுமனை முதலீடு தொடர்பான பணச் சிக்கல் வெடித்தது. அவர் சொந்தமாக ஒரு மார்க் எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. தவறான ஆட்களை நம்பினார், கண்காணிக்கவில்லை என்பதுதான் குறை. 1998இல் விலகினார். மூன்று ஆண்டுத் தலைமையை வெற்றி என்று அவருடைய தீவிர ரசிகர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பெக்கன்பவருக்கு இதே மாதிரிச் சோதனை வந்தபோது, 2006 உலகக் கோப்பையை ஜெர்மனிக்குக் கொண்டுவந்த விதம் பற்றிய விசாரணையில், பெயர் நிறையவே கசங்கியது. ஸேலருக்குக் கசங்கவில்லை. ஐந்து ஆண்டில், 2003இல், ஹாம்பர்க் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது. அந்தப் பட்டம் பெற்ற முதல் விளையாட்டு வீரர் அவர். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து அந்த வெண்கலப் பாதம்.

ஏமாற்றியவர் என்ற எண்ணம் வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஏமாந்தவர் என்றுதான் ஊர் முடிவு செய்தது. பத்து லட்சத்தை வேண்டாம் என்றவர் பணத்துக்காக எதையும் செய்திருக்க மாட்டார் என்று 1961 வந்து 1998க்குச் சாட்சி சொன்னது. அதோடு, ஓய்வுக்குப் பின்னான வாழ்க்கையும் அந்தச் சாட்சிக்கு முரணாக இல்லை. ஹாம்பர்க்குக்குப் பக்கத்திலேயே, நார்டர்ஷ்டெட்டில் குடியிருந்தார். ஒரே மனைவி, மூன்று மகள்கள். பழைய ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்துச் சின்ன ஊர்களில் நன்கொடை ஆட்டங்கள் ஆடினார். 1996இல் தன் பெயரில் அறக்கட்டளை. ஆஃப்டர்ஷேவ் விளம்பரமும் செய்தார், அதையும் யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை.

‘ஒரே கிளப்’ என்ற பெருமையில் ஒரு சின்னக் கீறல் உண்டு. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1978 ஏப்ரலில் அடிடாஸ் சார்பாக அயர்லாந்தின் கார்க் நகருக்கு ஒரு காட்சி ஆட்டம் என்று நினைத்துப் போனார், வயது 41. கார்க் செல்டிக் சட்டையைப் போட்டு ஷாம்ராக் ரோவர்ஸுக்கு எதிராக இறங்கினார். 2-6 தோல்வி, இரண்டு கோலும் அவருடையவை. பிறகுதான் தெரிந்தது, அது ஐரிஷ் லீக்கின் முறையான ஆட்டம் என்று. பத்து லட்சம் மார்க்குக்கு மாறாத கிளப்பை விவரம் தெரியாமல் 90 நிமிடத்துக்கு மாறிவிட்டார். ஹாம்பர்க்கில் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

மைதானத்தின் பெயர்கள்

ஃபோல்க்ஸ்பார்க் மைதானத்தின் பெயரை 2001இல் விற்றார்கள். இணைய நிறுவனம், வங்கி, கட்டுமான நிறுவனம் என்று மூன்று பெயர்கள் மாறி மாறித் தொங்கின. 2015இல்தான் பழைய பெயர் திரும்பியது. உள்ளே ஒரு கடிகாரம், புண்டஸ்லிகாவில் கிளப் தொடர்ந்து ஆடிய காலத்தை நொடி நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. தொடக்கத்திலிருந்து கீழிறங்காத ஒரே அணி என்ற பெருமை. 2018 மே மாதம் அதுவும் போயிற்று. 54 ஆண்டு 261 நாளில் எண்ணிக்கை முடிந்தது, அடுத்த ஆண்டு கடிகாரத்தையே கழற்றினார்கள். இப்படிப் பெருமை ஒவ்வொன்றாக உதிர்ந்த காலத்தில் கிளப்புக்குக் கையில் மிஞ்சியது ஊவே மட்டும்தான். அவர் மேல் வைத்த பாசத்தில் இந்த வெறுமைக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். அணி ஐரோப்பாவில் வென்றுகொண்டே இருந்திருந்தால், 1960இன் ஆட்டக்காரரை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

2022 ஜூலை 21 அன்று, 85 வயதில் ஸேலர் இறந்தார். ஆகஸ்ட் 10ஆம் தேதி இரங்கல் கூட்டத்தை மைதானத்துக்குள்ளேயே வைத்தார்கள். ஏறக்குறைய 5,000 பேர் வந்தார்கள். ஹாம்பர்க்கின் முன்னாள் மேயரும் அப்போதைய ஜெர்மன் பிரதமருமான ஓலாஃப் ஷோல்ஸ் பேசினார். கிளப் அப்போது இரண்டாம் பிரிவில். முதல் பிரிவுக்குத் திரும்பியது 2025இல்தான்.

அவருடைய பேரன் லெவின் ஓஸ்துனாலியும் ஆட்டக்காரர். எச்.எஸ்.வி.யின் சிறுவர் அணிகளில் வளர்ந்து, 2013இல் 17 வயதில் லெவர்குசனுக்குக் கிளம்பிப் போனார். அந்தக் குடும்பத்துப் பையன் போகலாமா என்று அன்று ஊர் முணுமுணுத்தது. பிரேமன், மைன்ஸ், பெர்லின் என்று சுற்றிவிட்டு 2023இல் ஹாம்பர்க் சட்டையைப் போட்டார். தாத்தா போய் ஓராண்டு ஆகியிருந்தது.